டெக்ட்ரானிக்ஸ் 465: பி ஸ்வீப் ஓடினால் மட்டும் காசு கொடுங்கள்

பினாங்கில் பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரம் 1972இல் தொடங்கியது. மின் அலைகளைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் டெக்ட்ரானிக்ஸ் 465 ஆசிலோஸ்கோப் (சுருக்கமாக ஸ்கோப்) சந்தைக்கு வந்ததும் அதே ஆண்டுதான். தொழிற்சாலை மேசையில் உழைத்து ஓய்ந்த இந்த மாதிரிப் பெட்டிகள் இன்றும் பழைய சாமான் கடைகளில் கண்ணில் படுகின்றன. லோரோங் கூலிட் காலைச் சந்தையிலோ, கோலாலம்பூர் ஜாலான் பசார் பக்கமோ ஒன்றைப் பார்த்தால் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். வாங்கலாம், ஒரே ஒரு நிபந்தனையோடு. அதன் இரண்டாம் டைம் பேஸ், அதாவது கோட்டைத் திரையின் குறுக்கே குறித்த வேகத்தில் ஓட்டும் பகுதி, ஒழுங்காக ஓட வேண்டும். அது இல்லாத 465 வெறும் பழைய ஸ்கோப்தான். அந்த வேலைக்கு இன்று கைக்கடக்கமான டிஜிட்டல் பெட்டியே போதும்.

மற்ற விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 100 மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல், கட்டத்துக்கு 5 மில்லிவோல்ட் முதல் 5 வோல்ட் வரை. திரையில் குறுக்கே 10 கட்டம், நெடுக்கே 8 கட்டம். கோடு மெல்லியதாக, கூர்மையாக விழும். கோடு எந்தக் கணத்தில் தொடங்க வேண்டும் என்று முடிவு செய்யும் டிரிகரின் பிடிப்பு அருமை.

இனி டைம் பேஸ். கோடு திரையில் இடமிருந்து வலமாக ஒருமுறை ஓடுவது ஒரு ஸ்வீப். ஏ, பி என்று இரண்டு ஸ்வீப் உண்டு. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் தனித்தனியாக ஓடும் கோடுகள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பி எப்போதும் ஏ-க்குப் பின்னால் வருவது. ஏ ஸ்வீப் தொடங்கியதும் உள்ளே ஒரு ரம்பப்பல் மின்னழுத்தம் சீராக ஏறும். டிலே டைம் பொசிஷன் என்ற பத்துச் சுற்று டயல் இன்னொரு மின்னழுத்தத்தைத் தரும். ஏறுகிற அழுத்தம் டயலின் அழுத்தத்தைத் தொட்ட கணத்தில் பி-க்கு அனுமதி கிடைக்கும். அதுவரை காத்திருக்கும் நேரம்தான் டிலே. டயலின் ஒரு சுற்று, திரையில் ஏ-யின் ஒரு கட்டம். சுற்றுக்குள் நூறு பிரிவு இருப்பதால் ஒரு கட்டத்தை நூறாகப் பிரித்துப் படிக்கலாம். இந்த ஒரு ஒப்பீட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வருகிற எல்லாக் கோளாறுக்கும் காரணம் தானாகப் பிடிபடும்.

வேக நாப் இரண்டடுக்கு. வெளியே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் வளையம் ஏ-யின் வேகத்தைக் காட்டும். நடு நாப்பை வெளியே இழுத்தால் பி தனியாகப் பிரிந்து சுற்றும். அமுக்கினால் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். பி, ஏ-யைவிட மெதுவாகப் போக முடியாது. அதன் பக்கத்தில் நான்கு பொத்தான்கள்: ஏ மட்டும், மிக்ஸ், ஏ இன்டென்சிஃபைட், பி டிலேட். தேட ஏ இன்டென்சிஃபைட், பார்க்க பி டிலேட். மிக்ஸ் பொத்தானில் இடப்பக்கம் ஏ வேகத்திலும், டிலே முடிந்த இடத்திலிருந்து பி வேகத்திலும் ஒரே கோடாக வரும். பார்க்க அழகு. அளவெடுக்க அதை நாங்கள் பயன்படுத்துவதில்லை.

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது, சிக்னலைப் பெட்டிக்குக் கொண்டுவரும் ப்ரோப் கம்பி ஒன்று இருந்தால் போதும். முதலில் பெட்டியின் பின்னால் மின்னழுத்தத் தேர்வு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியாக இருந்தால் 115 வோல்ட்டில் நிற்கலாம். நம் ஊர் மின்சாரத்தை அதில் கொடுத்தால் கதை அங்கேயே முடிந்தது. மாற்றும்போது ஃபியூஸையும் கையேடு சொல்லும் மதிப்புக்கு மாற்ற வேண்டும். மின்சாரம் போட்டதும் விசிறி சுற்றுகிறதா என்று கையை வைத்துப் பார்த்துவிட்டு, இருபது நிமிடம் சூடாக விடுங்கள்.

பிறகு சோதனை அலை தரும் முன்பக்கக் காலிபிரேட்டர் முனையில் ப்ரோப்பை மாட்டுங்கள். அங்கே 1 கிலோஹெர்ட்ஸ், 300 மில்லிவோல்ட் சதுர அலை வருகிறது. பத்து மடங்கு ப்ரோப் என்றால் 50 மில்லிவோல்ட் அளவில் ஆறு கட்ட உயரம் கிடைக்கும். ஏ வேகத்தைக் கட்டத்துக்கு 0.5 மில்லி செகண்டில் வைத்தால் திரையில் ஐந்து அலைகள். பி-யின் டிரிகர் சோர்ஸை ஸ்டார்ட்ஸ் ஆஃப்டர் டிலே நிலையில் வையுங்கள். நடு நாப்பை இழுத்து பி-யை 50 மைக்ரோ செகண்டுக்குக் கொண்டுபோய், ஏ இன்டென்சிஃபைட் பொத்தானை அமுக்குங்கள். கோட்டின் ஒரு துண்டு மட்டும் பளிச்சென்று தெரிய வேண்டும். அதன் நீளம் பி-யின் பத்துக் கட்டம், அதாவது 500 மைக்ரோ செகண்ட், ஏ-யில் சரியாக ஒரு கட்டம். டயலைத் திருப்பினால் அந்தத் துண்டு இடமிருந்து வலமாக நகர வேண்டும்.

துண்டு தெரியவில்லை என்றால் உடனே பி போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் பிரகாசம் அதிகமாக இருக்கும். முழுக் கோடும் ஒரே வெளிச்சமாக எரிந்தால் பளிச்சென்ற பகுதி எப்படித் தெரியும்? இன்டென்சிட்டியைக் குறைத்துப் பாருங்கள். அடுத்த சந்தேகம் பி-யின் சோர்ஸ். அது சேனல் ஒன்றிலோ எக்ஸ்டர்னலிலோ நின்றால் பி தன் சொந்த டிரிகருக்காகக் காத்திருக்கும். எந்த அழுத்தத்தில் டிரிகர் ஆக வேண்டும் என்று வைக்கும் லெவல் நாப் சரியான இடத்தில் இல்லையென்றால் காத்துக்கொண்டே இருக்கும். நல்ல பெட்டிகள் பழுது என்ற பெயரில் மலிவாக விலைபோவதற்கு இந்த இரண்டும்தான் காரணம். கடைக்காரர் அப்படிச் சொன்னால் நீங்கள் ஒருமுறை நாப்பைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

இப்போது பி டிலேட்டை அமுக்கி, பி-யை 0.5 மைக்ரோ செகண்டுக்கு வேகப்படுத்துங்கள். அலையின் ஏறுமுகம் நடுக்கோட்டை வெட்டும்வரை டயலைத் திருப்பி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஏறுமுகத்துக்குப் போய் மறுபடி குறியுங்கள். அடுத்தடுத்தவற்றுக்கும் அப்படியே. அடுத்தடுத்த இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய 2.00 வரும். 2.03 வந்தாலும் கவலை வேண்டாம், காலிபிரேட்டர் துல்லியமான கடிகாரம் கிடையாது. நீங்கள் பார்க்க வேண்டியது இடைவெளிகள் ஒன்றுக்கொன்று சமமாக இருக்கின்றனவா என்பதைத்தான். முதல் இடைவெளி 2.01, அடுத்தது 2.02, அடுத்தது 2.01 என்றால் ஏ-யின் ரம்பப்பல் நேராக ஏறுகிறது, டயலும் நலம். 2.01, 2.06, 1.94 என்று தாறுமாறாக வந்தால் டயலுக்குப் பின்னால் உள்ள பொட்டென்ஷியோமீட்டர், அதாவது திருப்பினால் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் பாகம், தேய்ந்திருக்கிறது. டயலை மெல்ல ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை திருப்பும்போது அலை வழுக்கிப் போகாமல் துள்ளினாலும் அதே நோய்தான். டயலின் தொடக்கமும் முடிவும் நம்பத்தகுந்தவை அல்ல. 1.00க்கும் 9.00க்கும் நடுவே அளவெடுங்கள்.

அந்த வேலை முடிந்ததும் ஏ-யின் எல்லா வேகங்களையும் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பாருங்கள். ஒரு வேகத்தில் மட்டும் கோடு மறைந்தாலோ அளவு பிசகினாலோ உள்ளே இருக்கும் கேம் சுவிட்சின் தொடுமுனை அழுக்காகியிருக்கும். பினாங்கின் ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்த பெட்டியில் இது சகஜம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த கெட்டிக் காகிதத் துண்டைத் தொடுமுனைக்கும் பலகைக்கும் நடுவே வைத்து மெல்ல இழுத்தால் போதும். ஸ்பிரே அடித்து ஊற வைக்காதீர்கள், மணல்காகிதம் வேண்டவே வேண்டாம். அந்த மெல்லிய விரல்கள் தங்க முலாம் பூசியவை, வளைந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. மூடியைக் கழற்றுபவர்கள் படக்குழாய்க்குப் போகும் ஆயிரக்கணக்கான வோல்ட்டை மறந்துவிடக் கூடாது. பவர் சப்ளையில் ஏதாவது ஓர் அழுத்தம் விழுந்திருந்தால் முதலில் டான்டலம் கெப்பாசிட்டர்களைச் சோதியுங்கள். வயதான டான்டலம் ஷார்ட் ஆவது இந்தத் தலைமுறைப் பெட்டிகளின் பொது நோய்.

சரி, வாங்கியாயிற்று. இந்த டயல் எதற்கு உதவும்? அர்டுயினோ போன்ற சிறு கன்ட்ரோலர் பலகை ஒன்றிலிருந்து 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் பத்து எழுத்துச் செய்தி திரும்பத் திரும்ப வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிட் 104 மைக்ரோ செகண்ட். தொடக்க பிட், நிறுத்த பிட் சேர்த்து ஓர் எழுத்து 1.04 மில்லி செகண்ட். எட்டாவது எழுத்தைப் பார்க்க வேண்டும். ஏ-யை 2 மில்லி செகண்டில் வைத்து, இறங்குமுகத்தில் டிரிகர் செய்தால் செய்தி முழுதும் ஐந்தேகால் கட்டத்துக்குள் அடங்கும். எட்டாவது எழுத்து 7.29 மில்லி செகண்டில் தொடங்கும், டயலில் 3.65. டயலை 3.60இல் நிறுத்தி பி-யை 0.2 மில்லி செகண்டில் வைத்தால் முந்திய எழுத்தின் நிறுத்த பிட்டோடு சேர்த்து எட்டாவது எழுத்து திரையில் விரியும். கோட்டைப் பக்கவாட்டில் விரிக்கும் எக்ஸ் 10 மேக்னிஃபையரால் இது ஆகாதா என்றால், அது பத்து மடங்கோடு நின்றுவிடும், விரிந்த கோட்டின் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதற்கும் எண் தராது. டயல் அந்த எண்ணைத் தருகிறது.

அதே செய்தியில் பாட் வேகம் சரியா என்றும் பார்க்கலாம். ஏ-யை 1 மில்லி செகண்டுக்கு மாற்றி, இரண்டாம் எழுத்தின் தொடக்க இறக்கத்தையும் ஒன்பதாம் எழுத்தின் தொடக்க இறக்கத்தையும் பி-யில் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து டயலைப் படியுங்கள். எழுத்துகள் இடைவெளியின்றி வந்தால் வித்தியாசம் 7.29 வர வேண்டும். 7.44 வந்தால் அனுப்பும் பக்கம் இரண்டு விழுக்காடு மெதுவாக இருக்கிறது. முதல் எழுத்திலிருந்து ஏன் அளக்கவில்லை? டிரிகர் நடந்ததே அந்த இறக்கத்தில்தான், அது டயலின் பூஜ்யத்தில் கிடக்கிறது. இந்த அளவின்போது வேகத்தை இடைப்பட்ட அளவுகளுக்கு மாற்றும் ஏ-யின் வேரியபிள் நாப் பூட்டில் இருக்க வேண்டும். நாப் பூட்டில் இல்லை என்று காட்டும் அன்கால் விளக்கு எரிந்தால் படித்த எண்ணெல்லாம் குப்பை.

ஏ-யை 1 மில்லி செகண்டுக்கு மாற்றியதும் இன்னொரு சிக்கல் தலைகாட்டும். ஸ்வீப் பத்து மில்லி செகண்டில் முடிகிறது, செய்தி 10.4 வரை போகிறது. ஸ்வீப் திரும்பித் தயாராகும்போது செய்தியின் வால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதில் வரும் ஓர் இறக்கத்தை அது தொடக்கம் என்று பிடித்துக்கொள்ளும். படம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி விழும். டிரிகர் லெவலைத் திருகித் திருகிப் பயனில்லை. ஹோல்டாஃப் நாப்பைச் சற்றே ஏற்றுங்கள், அது ஏ-யை வால் முடியும்வரை காக்க வைக்கும். அல்லது முன்போல ஏ-யைச் செய்தியைவிட நீளமாக வையுங்கள். எண்ணின் நுணுக்கம் பாதியாகும், படம் பாறைபோல நிற்கும். வேலைக்குத் தகுந்தபடி தேர்ந்துகொள்ளலாம்.

பி-யை ஏ-யைவிட ஆயிரம் மடங்கு, ஐயாயிரம் மடங்கு வேகப்படுத்தினால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, கோடு மங்கும். செய்தி 50 மில்லி செகண்டுக்கு ஒருமுறை வருகிறது, பி 1 மைக்ரோ செகண்டில் ஓடுகிறது என்றால் திரை எரிவது ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். விளக்கை அணைத்து, திரைக்கு மறைப்பு வைத்து, இன்டென்சிட்டியை ஏற்ற வேண்டியிருக்கும். செய்தியை அடிக்கடி அனுப்பும்படி புரோகிராமை மாற்ற முடிந்தால் அதுவே நல்ல வைத்தியம். பிறகு ஏ-க்குத் திரும்பும் முன் இன்டென்சிட்டியைக் கட்டாயம் இறக்குங்கள், திரையின் பாஸ்பர் பூச்சில் விழுந்த தழும்பு போகாது.

இரண்டாவது, அலையின் முகம் பக்கவாட்டில் நடுங்கும். ரம்பப்பல்லும் டயல் அழுத்தமும் சந்திக்கும் புள்ளியில் உள்ள சிறு இரைச்சல் இப்போது பெரிதாகத் தெரிகிறது. கூடவே சிக்னலின் சொந்த நடுக்கமும் சேர்ந்திருக்கும். பி-யின் சோர்ஸை சேனல் ஒன்றுக்கு மாற்றி லெவலைச் சரிசெய்தால் டிலே முடிந்ததும் பி உடனே ஓடாமல் அடுத்த முகத்துக்காகக் காத்திருக்கும். படம் நின்றுவிடும். ஆனால் டயலைத் திருப்பினால் இனி அது வழுக்காது, ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்குத் தாவும். அந்த நிலையில் டயலைப் படித்து நேரம் அளக்காதீர்கள். வடிவத்தைப் பார்க்கத்தான் அந்த நிலை. நேரத்தை அளக்க ஸ்டார்ட்ஸ் ஆஃப்டர் டிலே. இந்தக் குழப்பத்தில் தவறான எண்ணை எழுதிவிட்டு போர்டைக் குறை சொல்வது அனுபவசாலிகளுக்கும் நேர்வதுண்டு.

இரண்டு சேனலையும் சேர்த்துப் பார்க்கும்போது, ஒரே ஸ்வீப்புக்குள் சேனல்களிடையே வேகமாகத் தாவும் சாப் நிலையில் பி-யை வேகப்படுத்தினால் கோடு துண்டு துண்டாகத் தெரியும். ஸ்வீப்புக்கு ஒரு சேனலாக மாறி மாறி வரையும் ஆல்ட்டுக்கு மாறி, டிரிகரை ஒரே சேனலிலிருந்து எடுங்கள்.

ஒரு முறை மட்டும் நடந்து மறையும் நிகழ்வுக்கு இந்தப் பெட்டி உதவாது. ஆழமான மெமரி உள்ள டிஜிட்டல் ஸ்கோப் அதைப் பிடித்து வைத்து, ஜூம் பொத்தானில் இதே வேலையைச் செய்யும். திரும்பத் திரும்ப வரும் சிக்னலில், அதுவும் ஒரு சுற்றின் உள்ளே ஒளிந்திருக்கும் சிறு நெளிவைத் தேடும்போது, 465இன் டயலைக் கையால் நகர்த்திப் பார்க்கும் சுகமே தனி. பாலிடெக்னிக் மாணவர்கள் டிலே, ஹோல்டாஃப் இரண்டையும் விரலால் உணர்ந்து கற்க இதைவிட நல்ல கருவியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

இதன் பிந்திய வடிவமான 465பி கிடைத்தால் அதையே எடுங்கள். அதில் ஏ-யையும் பி-யையும் மாறி மாறி ஒரே திரையில் காட்டும் ஆல்ட் வசதி உண்டு, பொத்தானுக்குப் பொத்தான் தாவத் தேவையில்லை. அதே நிறுவனத்தின் பிந்திய மாதிரியான 2465 இன்னும் வேகமானது, நேர வித்தியாசத்தைத் திரையிலேயே எண்ணாகக் காட்டும். ஆனால் அதன் உள்ளே தனியாகச் செய்த ஐசிகள் அதிகம், ஒன்று போனால் இன்னொரு 2465இலிருந்துதான் கழற்ற வேண்டும். மேலே சொன்ன டயல் சோதனையில் தேறிய 465க்கு 400 முதல் 600 ரிங்கிட் வரை கொடுக்கலாம் என்பது எங்கள் கணக்கு. பி ஓடவில்லை, டயல் துள்ளுகிறது என்றால் உதிரிபாக விலைக்கு மேல் ஒரு சென்னும் வேண்டாம். ப்ரோப் கூட வருகிறதா என்றும் கேளுங்கள். 100 மெகாஹெர்ட்ஸுக்குத் தகுந்த பத்து மடங்கு ப்ரோப் இரண்டு தனியாக வாங்கினால் அதுவும் செலவுதான்.