பரிவேஷ் தளம்: எதிர்த்துக் கேட்பவருக்கு எவ்வளவு உதவும்?

ஊருக்குப் பக்கத்தில் கல்குவாரி வரப்போகிறது, ரசாயன ஆலையை விரிவாக்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் முதலில் திறக்க வேண்டிய தளம் பரிவேஷ். 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் விண்ணப்பங்கள் இதில்தான் பதிவாகின்றன. 2018இல் ஒன்றிய அரசு தொடங்கியது. விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் வசதிக்காகக் கட்டிய தளம் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். ஆனால் எதை எங்கே பார்ப்பது என்று தெரிந்துகொண்டால் ஊர்க்காரர்களுக்கும் இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் எழுத்துக்கூட்டல் மாறி விடுபட்டுப்போகும். மாநிலம், துறை, ஆண்டு என்று சுருக்கிக்கொண்டே போய்த் திட்ட எண்ணைப் பிடியுங்கள். ‘எஸ்ஐஏ’ என்று தொடங்கும் எண், மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் கோப்பு. ‘ஐஏ’ என்று தொடங்கினால் டெல்லியில் உள்ள ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கோப்பு.

விண்ணப்பத்தோடு இருக்கும் கேஎம்எல் என்ற வரைபடக் கோப்புதான் தங்கச் சுரங்கம். கூகுள் எர்த்தில் திறந்தால் திட்டத்தின் எல்லைக்கோடு நிலத்தின் மேல் அப்படியே வந்து விழும். அங்கிருந்து ஏரி, ஓடை, வீடுகள், பள்ளி வரை அளந்து, படிவத்தில் எழுதியிருக்கும் தூரத்தோடு ஒப்பிடுங்கள். பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களுக்கு நகர்த்திப் பார்த்தால், அனுமதிக்கு முன்பே தோண்டியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

கல்குவாரி என்றால் கனிமவளத் துறை உதவி இயக்குநரின் 500 மீட்டர் சுற்றளவுக் கடிதத்தை விடாமல் படியுங்கள். அந்தச் சுற்றளவில் உள்ள குவாரிகளைச் சேர்த்து மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால், தனித்தனியாகச் சிறியவை என்று சொல்லித் தப்ப முடியாது. தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் வேண்டும். பக்கத்துக் குவாரியை அந்தக் கடிதத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டால் கணக்கே மாறிவிடும்.

குறைகளும் சிறியவை அல்ல. நூற்றுக்கணக்கான பக்க அறிக்கையை ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தால் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது. முழு அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழில் சுருக்கம் மட்டும். கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றாலும், தளத்தைப் பார்க்கும் பழக்கமில்லாத கிராமத்துக்கு நாளிதழ் விளம்பரம்தான் கதி. நிலத்தை இழக்கப் போகிறவருக்கு இது பெரிய அநியாயம்.

விண்ணப்பங்களை ஆராயும் நிபுணர் குழுவின் கூட்ட நிகழ்ச்சிநிரலையும் நடவடிக்கைக் குறிப்பையும் வாராவாரம் பாருங்கள். தாக்க மதிப்பீட்டு அறிக்கையோ கருத்துக்கேட்போ தேவைப்படாத, ‘பி2’ எனப்படும் வகைத் திட்டங்களில் முன்கூட்டித் தெரிந்துகொள்ளப் பெரும்பாலும் வேறு வழி இருக்காது.

அனுமதிக் கடிதம் ஏறியதும் தேதியோடு பக்கத்தைச் சேமியுங்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் இல்லை. ஆணை தளத்தில் வெளியான நாளும் இந்தக் கணக்கில் வரக்கூடும் என்பதால், கையில் நகல் கிடைத்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்.

அனுமதி பெற்றவர் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றிய அறிக்கை தர வேண்டும். அது வராவிட்டால் அனுமதிக் கடிதத்தின் நிபந்தனை எண்ணைக் குறிப்பிட்டு, சென்னையில் உள்ள ஒன்றிய அமைச்சக மண்டல அலுவலகத்துக்குப் புகார் எழுதுங்கள்.