இஃப் வாக்கிய அட்டவணை: ஆறு ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில், ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டு பையர்களுக்கு (சரக்கு வாங்குபவர்களுக்கு) மின்னஞ்சல் எழுதியே பொழுது போய்விடும். வேலைக்குச் சேர்ந்த மாதத்தில், ஆங்கில நிபந்தனை வாக்கியங்களை ஜீரோ, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று நான்காகப் பிரிக்கும் அட்டவணையை ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். ஆறு ஆண்டுகளாகத் தினமும் என் கண்ணில் படும் தாள் அது.

முதல் இரண்டு வகைகளும் ஒரே வாரத்தில் பழகிவிட்டன. ஃபர்ஸ்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு: ‘இஃப் யூ அப்ரூவ் த லேப் டிப் டுடே, வீ வில் ஸ்டார்ட் டையிங் டுமாரோ.’ (லேப் டிப் என்பது நிறத்துக்கு ஒப்புதல் கேட்டு பையருக்கு நாங்கள் அனுப்பும் சாயமிட்ட மாதிரி.) நாளைய வேலையைப் பற்றித்தான் பேச்சு, ஆனாலும் இஃப் இருக்கும் பக்கத்தில் வில் வராது. அதை நினைவில் வைத்தால் போதும்.

நடக்க வாய்ப்புக் குறைந்ததை, கற்பனையானதைச் சொல்லும் செகண்டில்தான் மாட்டிக்கொண்டேன். இனி நடக்க வேண்டியதற்கு எதற்கு இறந்தகாலம்? அட்டவணை ‘பாஸ்ட் டென்ஸ் போடு’ என்கிறது, காரணம் சொல்வதில்லை. இரண்டு ஆண்டுகள் மனப்பாடத்திலேயே ஓட்டினேன். ஒருநாள் அக்கா மகனுக்குப் பகுபத உறுப்பிலக்கணம் சொல்லிக்கொடுத்தபோது விடை கிடைத்தது. வந்தான் என்பதைப் பிரித்து, ‘த்’ இறந்தகால இடைநிலை என்று எழுதினோம். அடுத்து ‘வந்தால்’ என்று எழுதிப் பார்த்தேன். அதே ‘த்’ அங்கேயும் உட்கார்ந்திருந்தது! ‘நாளை மழை பெய்தால்’ என்று சொல்லும்போது நாமும் இறந்தகால வடிவத்தைத்தானே எடுக்கிறோம்? இன்னும் நடக்காததைச் சொல்ல அந்த வடிவம் நம் வாயிலும் புழங்குகிறது என்று தெரிந்ததும் செகண்ட் மீதிருந்த அச்சம் போய்விட்டது.

ஆனால் தமிழில் ‘ஆர்டரை உயர்த்தினால்’ என்ற ஒரே வடிவம் ஃபர்ஸ்ட், செகண்ட் இரண்டுக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ‘இஃப் யூ இன்க்ரீஸ் த ஆர்டர், வீ வில் ரெட்யூஸ் த பிரைஸ்’ என்றால் விலையைக் குறைப்பதாகச் சொல்லிவிட்டோம் என்று பொருள். ‘இன்க்ரீஸ்ட்’, ‘குட் ரெட்யூஸ்’ என்று மாற்றினால் இப்போதைக்குப் பேசிப் பார்க்கிறோம், அவ்வளவுதான். பேரம் பேசும் யாரும் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேர்டின் அருமை ஒரு தவறுக்குப் பிறகே புரிந்தது. பையர் தரப்பில் லேப் டிப் ஒப்புதல் ஒன்பது நாள் தாமதமானதால் சரக்கும் தாமதமானது. நான் ‘இஃப் யூ அப்ரூவ்ட் ஆன் டைம், வீ வுட் ஷிப் ஆன் த டென்த்’ என்று எழுதிவிட்டேன். எந்த லேப் டிப் இன்னும் நிலுவையில் இருக்கிறது என்று கேட்டுப் பதில் வந்தது. முடிந்துபோன கதையை, இனி நடக்கக்கூடியதுபோல் எழுதியிருக்கிறேன். ‘ஹேட் அப்ரூவ்ட்’, ‘வுட் ஹேவ் ஷிப்ட்’ என்று இருந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து முதலில் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன்: ஒப்புதல் தந்திருந்தால் அனுப்பியிருப்போம். இரண்டு பக்கமும் இன்னொரு வினையோடு ஒட்டி ‘இரு’ வந்தால் ஒரு பக்கம் ஹேட், மறுபக்கம் வுட் ஹேவ். இந்த வழி இதுவரை என்னைக் கைவிட்டதில்லை.

அட்டவணையின் பெரிய குறை, கலப்பு வாக்கியத்துக்கு அதில் இடம் இல்லாதது. ‘ஜூனிலேயே நூல் வாங்கியிருந்தால் இப்போது தட்டுப்பாடு இருக்காது’ என்பதில் நிபந்தனை முடிந்துபோன ஜூனையும் விளைவு இன்றையும் சேர்ந்தது. ஆங்கிலத்தில் முன்பாதி தேர்ட், பின்பாதி செகண்ட். எங்கள் தொழிலில் இது அன்றாட வாக்கியம், ஆகவே பேனாவால் ஐந்தாவது வரியாக அதைச் சேர்த்துக்கொண்டேன். ‘இஃப் ஐ வேர்’ என்பதற்கும் ஒரு குறிப்பு எழுதினேன்: பேச்சில் வாஸ் தாராளமாக வரும், மின்னஞ்சலில் வேர் போடுவதே நல்லது.

புதிதாகச் சேருபவர்களுக்கு இந்தத் தாளை நகலெடுத்துத் தருகிறேன். எழுதுவதற்கு அது தாராளமாகப் போதும். தொலைபேசிக்குப் போதாது. ‘இஃப் ஐட் நோன், ஐட் ஹேவ் கால்ட் யூ’ என்று பையர் வேகமாகச் சொல்லும்போது ஹேட், வுட் இரண்டும் ஒரே ‘ட்’ ஒலியாகத் தேய்ந்துவிடுகின்றன. பின்னால் ‘நோன்’ வந்தால் ஹேட், ‘ஹேவ்’ வந்தால் வுட் என்று பிரித்துக் கேட்கப் பழகி வருகிறேன். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் பேசினால் மட்டும், ‘மறுபடி சொல்ல முடியுமா’ என்று இன்றும் கேட்கிறேன்.