சுங்கை சிப்புட்டில் அடைப்புக்குறி வாசிக்கப் பழக்கும் சனிக்கிழமை வகுப்பு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் கடைவீதியில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் நடக்கும் கணினி வகுப்பில், ஸ்கீம் நிரல்மொழியின் தொடக்கப் பாடத்தை என் மகனுடன் சேர்ந்து நான்கு சனிக்கிழமைகளில் முடித்தேன். 1958இல் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஜான் மெக்கார்த்தி வடிவமைக்கத் தொடங்கிய லிஸ்ப் என்னும் நிரல்மொழியின் வழியில் 1975இல் பிறந்த மொழி இது. இருவருக்கும் சேர்த்து 160 வெள்ளி (ரிங்கிட்) கட்டினோம். கொடுத்த பணத்துக்குக் குறையில்லை.

முதல் நாள் கணினியையே திறக்கவிடாமல், தாளில் அச்சிட்ட வரிகளை வாய்விட்டு வாசிக்க வைத்தார் ஆசிரியர். (+ 3 4 5) என்பதைத் தமிழ்ப்பள்ளிப் பயிற்சியில் ‘கூட்டுக’ என்று மேலே எழுதிக் கீழே எண்களை அடுக்குவதைப் போலப் பார்க்கச் சொன்னார்: அடைப்புக்குறிக்குள் முதலில் நிற்பது செயல், பின்னால் வருபவை அச்செயலுக்குரியவை. செம்பனைத் தோட்டத்தில் சம்பளக் கணக்கு எழுதும் எனக்கு, டன்னுக்கு 45 வெள்ளி வீதம் காலையில் 2 டன்னும் மாலையில் 3 டன்னும் வெட்டியவரின் கூலி (* 45 (+ 2 3)) என்றாகி 225 என விடை தந்தபோது, உள்ளே இருக்கும் அடைப்புக்குறியே முதலில் முடிவதால், பெருக்கல் முதலா கூட்டல் முதலா என்ற பழைய குழப்பத்துக்கு இங்கே இடமே இல்லை என்பது புரிந்தது.

பள்ளிக் கணக்கில் கூடுதலாக ஓர் அடைப்புக்குறி போட்டால் கெடுதல் இல்லை. இங்கே (5) என்று எழுதினால், 5 என்பதை ஒரு செயலாக எண்ணி இயக்க முயன்று, அது செயல் அன்று என்று கணினி பிழை காட்டுகிறது. என் பிழைகளில் பாதி இதுவே. வரி முடிவில் குவியும் குறிகளை எண்ணாமல், வரிகள் உள்தள்ளி நிற்கும் விதத்தைப் பார்த்தே வாசிக்க வேண்டும் என்றும், குறிகளின் கணக்கை, நிரல் எழுத நாங்கள் பயன்படுத்திய டாக்டர்ராக்கெட் என்னும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்றும் சொல்லித்தந்தார்கள். இந்த இலவச மென்பொருளில் ஓர் அடைப்புக்குறியின் அருகே தட்டச்சு இடங்காட்டியை (cursor) நிறுத்தினால், அதன் இணைவரையுள்ள பகுதி நிழலிட்டுத் தெரிகிறது.

என் மனக்குறை கடைசி வகுப்பைப் பற்றியது. '(+ 3 4) என முன்னால் ஒற்றை மேற்கோள் இட்டால் கூட்டல் நடக்காது. கூட்டல் குறியும் இரண்டு எண்களும் அடங்கிய பட்டியலே கிடைக்கும். நிரலும் தரவும் ஒரே உருவில் இருப்பதுதான் இம்மொழிக் குடும்பத்தின் தனிச்சிறப்பு. அதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதி நேரத்தைச் சான்றிதழ் வழங்கிப் படம் எடுப்பதில் செலவிட்டார்கள். சேர நினைப்பவர்கள் சொந்த மடிக்கணினியைக் கொண்டுசெல்வது நல்லது. அங்குள்ளவற்றில் இரண்டின் விசைப்பலகையில் அடைப்புக்குறி விசையே அழுந்தவில்லை.