திருகோணமலையில் காற்றுத் தாங்கி செய்ய எந்தத் தகடு?

ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) வெளியிட்ட அழுத்தக் கலன் விதிநூலின் செக்‌ஷன் 8, டிவிஷன் 1 படி அழுத்தக் காற்றுத் தாங்கி செய்ய ஓடர் வந்திருக்கிறது. வரைபடத்தில் கேட்டிருப்பது எஸ்.ஏ-516 கிரேட் 70 என்ற உருக்குத் தகடு. அதே சான்றோடு புதுத் தகடு எடுப்பதா, வேறு தரத்துத் தகட்டுக்கு, இந்தத் தரத்துக்கும் பொருந்தும் என்று மறுசான்று வாங்குவதா, யார்டில் கிடக்கும் அடையாளமில்லாத தகட்டைச் சோதித்துப் பார்ப்பதா?

முதல் வழியில் பேச அதிகமில்லை. விலையும் காத்திருப்பும் கூடும். ஆனால் உருக்காலை தந்த மில் சான்றிதழும் தகட்டிலுள்ள ஹீட் நம்பரும் (எந்த உருக்கு வார்ப்பில் வந்தது என்று காட்டும் எண்) ஒத்துப்போனால் பரிசோதகர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

மறுசான்றுக்கு அந்த விதிநூலில் இருப்பது யூ.ஜி-10 என்ற பிரிவு. அசல் மில்லின் முழுச் சான்றிதழ் கையில் இருந்தால் இது நல்ல வழி, செலவும் குறைவு. அப்படிப்பட்ட தகட்டுக்கு வியாபாரியோ வேறு நிறுவனமோகூட மறுசான்று தரலாம். எண்கள் கிட்டத்தட்ட ஒன்று என்பது மட்டும் போதாது. ஐரோப்பிய பி355ஜிஎச் தகட்டின் இழுவலிமை (இழுக்கும்போது அறாமல் தாங்கும் உச்சப் பலம்) 510 முதல் 650 மெகாபாஸ்கல் வரை இருக்கலாம். கிரேட் 70க்கு 485 முதல் 620 வரைதான். 640 காட்டும் தகடு அங்கே பாஸ், இங்கே பெயில். கூடுதல் பலம்தானே என்று சமாளிக்க முடியாது. கிரேட் 70 உருக்கு முழுதாக ஒட்சிசன் நீக்கப்பட்டு, உள்ளே உள்ள உலோக மணிகள் நுண்ணியதாக வரும் முறையில் செய்யப்பட்டிருக்கவும் வேண்டும். அதையும் சான்றிதழ்தான் சொல்ல வேண்டும்.

சான்றே இல்லாத தகடு மலிவாகத் தெரியும். அதற்கு மறுசான்று தரும் உரிமை தாங்கியைச் செய்பவருக்கு மட்டுமே. வியாபாரியின் கடிதம் செல்லாது. ஒவ்வொரு துண்டுக்கும் இரசாயனப் பகுப்பாய்வும் இழுவைச் சோதனையும் வேண்டும். கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவியைக் காட்டி “எல்லாம் பார்த்தாச்சு” என்பார்கள். அது காபனை அளக்காது. வெல்டிங்கில் வெடிப்பு வருமா என்பதைத் தீர்மானிப்பதில் காபனுக்குத்தான் பெரிய பங்கு. மாதிரி வெட்டி, கொழும்பு ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, பல துண்டுகளுக்குக் கட்டணம் கட்டி முடிக்கும்போது மிச்சம் பிடித்த காசு கரைந்திருக்கும். ஒரே பெரிய தகடு என்றால் யோசிக்கலாம். பல துண்டுகள் என்றால் விட்டுவிடுங்கள்.

என் தெரிவு இரண்டாவது வழி, முழுச் சான்றிதழ் இருந்தால் மட்டும். இல்லையென்றால் ஓடர் கொடுத்தவரிடம் தவணை கேட்டுப் புதுத் தகடு எடுங்கள். காற்று நிரம்பிய தாங்கி வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் தப்புவது அரிது.

எதை எடுத்தாலும் நம் கடற்கரை உப்புக் காற்றில் பெயின்ட் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். தகடு வந்த அன்றே ஹீட் நம்பரைச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு துண்டிலும் அதைப் பதித்துவிடுங்கள்.