ஹோமன்குலஸா, கிரசென்ட்டா: 8 அங்குல டெலஸ்கோப்புக்கு எது?

பெருநிறை விண்மீன் தன் கடைசிக் காலத்தில் வீசியெறிந்த பொருளை நேரில் பார்க்க விரும்புவோர் ஹோமன்குலஸ், கிரசென்ட் என்ற இந்த இரண்டு நெபுலாக்களுக்கும் (வாயு, தூசி மேகங்கள்) நடுவேதான் தடுமாறுவார்கள்.

தோற்றம்: ஹோமன்குலஸ், 1840-களில் ஈட்டா கரினே என்ற விண்மீன் ஒரே சீற்றத்தில் உமிழ்ந்தது. கிரசென்ட் (என்.ஜி.சி. 6888) நிதானமாக உருவானது. செம்பெருமீனாக இருந்தபோது கசிந்த வாயுவை, இன்று உல்ஃப்-ராயே விண்மீனாக (வெளியடுக்குகளை இழந்த, மிகச் சூடான விண்மீன்) மாறிய டபிள்யூ.ஆர். 136-இன் அதிவேகக் காற்று துரத்திப் பிடித்து மோதுகிறது.

அளவு: முன்னது சுமார் 18 ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கே ஆர்க்செகண்ட்), சனியின் வட்டு அளவுதான். பின்னது 18 ஆர்க்மினிட் (ஒன்று 60 ஆர்க்செகண்ட்), அதாவது 60 மடங்கு.

உருப்பெருக்கம்: முன்னதற்கு 200-க்கு மேல். பின்னதற்கு 50 போதும்.

ஃபில்டர்: ஹோமன்குலஸ் பெரும்பாலும் தூசி சிதறடிக்கும் விண்மீன் ஒளி, ஃபில்டர் பயன்படாது. கிரசென்ட்டுக்கு ஆக்சிஜன்-3 ஃபில்டர் (ஆக்சிஜன் வாயு உமிழும் ஒளியை மட்டும் விடுவது) இல்லாவிட்டால் வெறும் விண்மீன்கள்தான் தெரியும்.

உயரம்: சென்னையில் ஈட்டா கரினே உச்சத்திலேயே அடிவானத்துக்கு மேல் சுமார் 17 பாகைதான் ஏறும். காற்றின் கொந்தளிப்பில் ஹோமன்குலஸின் இரு மடல்களும் குழம்பிவிடும். கன்னியாகுமரியில் 22 பாகை, நல்ல முன்னேற்றம். கிரசென்ட் சென்னையில் சுமார் 65 பாகை ஏறும்.

நகரத்துக்குள் இருப்பவர்கள், தெற்கே அடிவானம் திறந்திருந்தால், ஏப்ரல் இரவுகளில் ஹோமன்குலஸைத் தேடலாம்; செம்மஞ்சள் நிறமே அடையாளம். படமெடுத்தால் ஒரு நொடிக்கும் குறைந்த எக்ஸ்போஷர்களை அடுக்குங்கள், நீண்டால் மையம் வெளுத்துவிடும். இருண்ட கிராமத்து வானமும் ஃபில்டரும் வாய்த்தவர்களுக்கு, நிலவில்லாத செப்டம்பரில் கிரசென்ட்தான்.