கையடக்க ஒலிப்பதிவுக் கருவி: நம்பலாமா?

பெங்களூரு அல்சூர் கோயில் திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும் பதியத்தான் வாங்கினேன். ஒலித்தரம் அருமை, குறையே சொல்ல முடியாது. ஆனால் பதிவு ஓடும்போதே வேண்டுமென்று பேட்டரியைக் கழற்றிப் பார்த்தால் அதுவரை பதிந்த கோப்பு திறக்கவே இல்லை, ஸ்டாப் பொத்தானை அழுத்தினால்தான் வேவ் (WAV) ஒலிக்கோப்பின் தலைப்பகுதியை, அதாவது கோப்பின் அளவு முதலான விவரங்களை, ஒழுங்காக எழுதி மூடுகிறது போல. இந்த விலைக்கு இடையிடையே சேமித்திருக்க வேண்டாமா? 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ என்ற உயர்தர அமைப்பில் பதிந்தால் மணிக்குச் சுமார் 2 ஜிபி ஆகும். 4 ஜிபி நெருங்கியதும் தானாகவே அடுத்த கோப்புக்குத் தாவுகிறது, இரண்டையும் ஒட்டிக் கேட்டேன், ஒரு தவில் அடிகூட விட்டுப்போகவில்லை, அதற்கு சபாஷ். மெமரி கார்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த நம்ம பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் நல்லதாகத் தேடி வாங்குங்கள். பேர் தெரியாத கார்டு போட்டால் நடுவில் நின்றுவிடுகிறது. அப்புறம், பேட்டரி மூடி லொடலொட, டேப் ஒட்டித்தான் வைத்திருக்கிறேன்.