கிராஃபிக் டிசைன் படிக்க எங்கே சேரலாம்: அகமதாபாத்தா, எழும்பூரா, விஸ்காமா?

சிவகாசியில் இருக்கும் அக்கா மகள் ப்ளஸ் டூவில் காமர்ஸ் குரூப் படிக்கிறாள். அப்பாவுக்கு ஆஃப்செட் பிரஸ்ஸில் வேலை. பட்டாசுப் பெட்டி லேபிளும் தினசரிக் காலண்டர் அட்டையும் வீடு முழுக்க இறைந்து கிடக்க, அதைப் பார்த்தே வளர்ந்தவள். கிராஃபிக் டிசைன்தான் படிப்பேன் என்கிறாள். போன வாரம் போனில், "மாமா, போட்டோஷாப்பும் இல்லஸ்ட்ரேட்டரும் ஒரு வருஷ கோர்ஸ்ல கத்துக்கிட்டா போதாதா? நாலு வருஷம் எதுக்கு?" என்று கேட்டாள். சென்னையில் சின்னதாக ஒரு டிசைன் ஸ்டூடியோ நடத்துகிறேன். எல்லாவிதப் படிப்பும் படித்தவர்கள் வேலை கேட்டு வருவார்கள். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வருகிற எல்லோருக்கும் நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். அரை லிட்டர் நல்லெண்ணெய் பாட்டிலுக்கு ஒரு லேபிள், தமிழிலும் ஆங்கிலத்திலும். கேட்டால் சுலபமாகத் தோன்றும். ஆனால் தமிழ் எழுத்து அகலமானது. கொம்பும் காலும் சேர்ந்தால் இன்னும் இடம் கேட்கும். 'மரச்செக்கு நல்லெண்ணெய்' என்று ஒரே வரியில் வைத்தால் லேபிளை விட்டு வெளியே போய்விடும். ஒரு வருஷ மல்டிமீடியா கோர்ஸ் முடித்து வந்த ஒரு பையன், எழுத்தை அப்படியே பிடித்து 70 சதவீத அகலத்துக்கு அமுக்கிவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பெரிதாக்கிக் காட்டினேன். நிற்கிற கோடுகள் எல்லாம் மெலிந்திருந்தன, படுத்த கோடுகள் பழைய தடிமனிலேயே இருந்தன. கொம்பின் சுழி நசுங்கி முட்டை மாதிரி ஆகியிருந்தது. மென்பொருளில் அவன் கெட்டிக்காரன், கை அவ்வளவு வேகம். ஆனால் அந்தக் கோடுகள் கெட்டுப்போனது அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. அதைப் பார்க்க யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

அதே வேலையை ஓவியக் கல்லூரியில் படித்த ஒரு பெண் செய்த விதம் வேறு. கணினியைத் தொடாமல் பென்சிலால் நாலைந்து தடவை எழுதிப் பார்த்தாள். பெயரை இரண்டு வரியாக உடைத்தாள். மேல் வரியில் 'ர'வும் 'கு'வும் கீழே இறங்குகிற இடங்களை விட்டுவிட்டு, கீழ் வரியின் புள்ளிகள் நடுவில் விழும்படி நகர்த்தினாள். வரிகள் இரண்டும் நெருங்கி, ஒரே உருவமாக நின்றன. அதற்குப் பிறகுதான் கணினி.

ஆகவே எந்தப் படிப்பை ஒப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: அங்கே உன் வேலையை ஓர் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் பார்ப்பார்? எத்தனை முறை திருப்பிச் செய்யச் சொல்வார்? எந்தெந்த மென்பொருள் சொல்லித் தருகிறார்கள் என்ற பட்டியல் அதற்கு அப்புறம்தான்.

அந்தக் கணக்கில் நாட்டிலேயே முதலில் நிற்பது அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம், எல்லோரும் சொல்கிற என்ஐடி. 1961இல் தொடங்கியது. பாரத ஸ்டேட் வங்கியின் சாவித்துளைச் சின்னமும் தூர்தர்ஷனின் கண்ணும் அங்கே படித்தவர்கள் கையிலிருந்து வந்தவை. நாலு வருஷ பி.டெஸ் என்னும் டிசைன் பட்டப்படிப்பு; முதல் வருஷம் எல்லோருக்கும் பொதுவான ஃபவுண்டேஷன், அதற்குப் பிறகு கிராஃபிக் டிசைன் தனித் துறை. வரைவது, வெட்டுவது, மடிப்பது என்று முதல் வருஷம் முழுக்கக் கைவேலைதான். ஜூரி என்று வைத்து, செய்ததை எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். ஆந்திரா, ஹரியானா, மத்தியப் பிரதேசம், அஸ்ஸாம் என்ஐடிகளில் கிராஃபிக் டிசைன் என்று தனியாக இருக்காது, கம்யூனிகேஷன் டிசைனுக்குள் வரும்.

பம்பாய் ஐஐடியின் டிசைன் பள்ளியான ஐடிசி 1969இலிருந்து இருக்கிறது. அங்கும் வேறு சில ஐஐடிகளிலும் பி.டெஸ் சேர யூசீட் (UCEED) என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கிராஃபிக் டிசைன் மட்டும்தான் வேண்டும் என்றால் என்ஐடி பொருத்தம். ஆப், இணையதளம், பொருள் வடிவமைப்பு என்று மனம் அலைபாய்கிறவர்களுக்கு ஐஐடி நல்லது. இரண்டின் நுழைவுத் தேர்வையும் எந்தக் குரூப் படித்தவர்களும் எழுதலாம். கணக்கு, இயற்பியல் இல்லையே என்று காமர்ஸ் பிள்ளைகள் ஒதுங்க வேண்டியதில்லை.

சிக்கல் பணத்திலும் தேதியிலும். கட்டணம், விடுதி, பொருட்கள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்குச் சில லட்சங்கள் ஆகும். உதவித்தொகையும் கல்விக் கடனும் உண்டு, ஆனாலும் பிரஸ் சம்பளத்தில் ஓடுகிற வீட்டுக்கு அது பெரிய முடிவு. தேதி விஷயம் அதைவிடக் கொடுமை. இந்தத் தேர்வுகளுக்கான விண்ணப்பம் ஆயுத பூஜை, தீபாவளி சமயத்திலேயே வந்துவிடும். நம் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் மே மாதம் ரிசல்ட் வந்த பிறகுதான் என்ஐடி என்ற பெயரையே கேள்விப்படுகிறார்கள். யூசீட்டை அடுத்தடுத்த இரண்டு வருஷம் மட்டுமே எழுத முடியும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: நம் மாநில பிசி, எம்பிசி சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், தேதியும் புதிதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் போட்டுவிட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்க நாள் பிடிக்கும், அதனால் முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள்.

சரி, எழும்பூருக்கு வருவோம். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. சிற்பி ராய் சௌத்ரியும் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் முதல்வர்களாக இருந்த இடம். அங்கே பி.எஃப்.ஏ. என்னும் கவின் கலைப் பட்டப்படிப்பில் விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் என்றொரு துறை இருப்பது பலருக்குத் தெரியாது. 'ஓவியக் கல்லூரி' என்றதும் சாமி படம் வரைவார்கள் என்று பெற்றோர் பயந்துவிடுகிறார்கள். நாலு வருஷப் படிப்புதான். கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்கள். ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்குப் பிறகு விண்ணப்பம், வரைந்து காட்டும் நுழைவுத் தேர்வு, மாநில இட ஒதுக்கீடு. கும்பகோணத்திலும் இப்படி ஓர் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. தஞ்சைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது வசதி.

எனக்கு இந்தக் கல்லூரிகள் மேல் தனிப் பிரியம் உண்டு, மறைக்கவில்லை. சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த ஓவியர் கே.எம். ஆதிமூலம் தமிழ் இதழ்களுக்கும் புத்தக அட்டைகளுக்கும் எழுதிய எழுத்துகளை எடுத்துப் பாருங்கள். தூரிகையின் வேகம் அப்படியே எழுத்தில் நிற்கும், ஆனாலும் படிக்கத் தடுமாறாது. தமிழ் எழுத்தை உருவமாகப் பார்க்கிற அந்தக் கண் விசைப்பலகை முன்னால் உட்கார்ந்து வருவதில்லை. பக்கத்தில் ஒருவன் சிற்பம் செதுக்குகிறான், இன்னொருத்தி துணிக்கு வடிவம் போடுகிறாள், பேச்செல்லாம் தமிழில். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இது சாதாரண வசதி இல்லை. மென்பொருளை மட்டும் தன் முயற்சியில் கற்றுக்கொள்ளத் தயாராகப் போக வேண்டும். அது ஆறு மாதத்தில் வந்துவிடும்.

விஸ்காம் என்கிற விஷுவல் கம்யூனிகேஷனைப் பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. மூன்று வருஷ பி.எஸ்சி. புகைப்படம், விளம்பரம், டிவி தயாரிப்பு, சினிமா, ஊடகக் கோட்பாடு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். கேமரா மேல் ஆசையிருந்தால் தாராளமாகச் சேரலாம். டிசைன்தான் வேண்டும் என்றால் சேர்வதற்கு முன் பாடத்திட்டத்தை வாங்கி, ஆறு செமஸ்டரில் எழுத்துருவுக்கும் லே-அவுட்டுக்கும் எத்தனை தாள் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் அந்தக் கல்லூரி உங்களுக்கு வேண்டாம். கட்டணமும் கல்லூரிக்குக் கல்லூரி ஏகத்துக்கு மாறும்.

ஒரு வருஷ கோர்ஸ், பட்டம் முடித்தவருக்கோ ஏற்கெனவே பிரஸ்ஸில் வேலை செய்கிறவருக்கோ உதவும். பதினேழு வயதில் அதை மட்டும் நம்பிப் போகாதே என்று அவளிடம் கண்டிப்பாகவே சொன்னேன். மென்பொருள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாறுகிறது. நான் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் தொடங்கியவன். அந்தப் பெயரே இன்று வருகிற பிள்ளைகளுக்குத் தெரியாது.

என்ஐடி கிடைக்கவில்லையே என்று அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நான் சொல்வது ரூபாய்ச் சின்னத்தின் கதை. 2010இல் தேர்வான ₹ குறியை வரைந்த உதயகுமார் கள்ளக்குறிச்சியில் பிறந்தவர். முதல் பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை. பிறகுதான் பம்பாய் ஐடிசியில் எம்.டெஸ் என்னும் முதுகலை டிசைன் பட்டம், அங்கேயே தமிழ் எழுத்துருவியலில் முனைவர் பட்டம். பிளஸ் டூவோடு கதவு மூடிவிடவில்லை. பி.எஃப்.ஏ. முடித்தவர்களும் மூன்று வருஷப் பட்டம் பெற்றவர்களும் சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெஸ் போகலாம். எழும்பூரில் நாலு வருஷம் கை பழகி, பிறகு ஐஐடியில் இரண்டு வருஷம் என்ற வழி, பணம் குறைவான வீட்டுக்கு நேராக அகமதாபாத் போவதைவிடக் கூட நல்லது என்று நான் நினைக்கிறேன்.

அவளுக்கு நான் சொன்ன முடிவு: என்ஐடி தேர்வையும் யூசீட்டையும் இந்த வருஷமே எழுது, ரிசல்ட் வந்ததும் எழும்பூருக்கும் கும்பகோணத்துக்கும் விண்ணப்பம் போடு. அக்கா வீட்டுக்காரர் ஓபிசி சான்றிதழுக்கு அலையத் தொடங்கிவிட்டார். அவள் தினமும் ஒரு பக்கம் வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். நேற்று வந்தது பஸ் ஸ்டாண்ட் டீக்கடை. பாய்லரின் வளைவு சரியாக விழுந்திருக்கிறது; கிளாஸைப் பிடித்த கையில்தான் கட்டை விரல் இடம் மாறி நிற்கிறது. கையை மட்டும் பத்துத் தடவை வரைந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.